மூளை ஆய்வுச் செய்திகளும் தலைப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை ஆராய்ச்சியின் தொடக்க நிலைக் கண்டறிதல்களை முடிந்த முடிவுகளாகத் தலைப்பிட்டு வெளியிடும் போக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஒரு பக்கக் கட்டுரை, மொசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்ட 36 கல்லூரி மாணவர்கள், மடித்து வெட்டிய காகிதம் விரித்தால் எப்படித் தோன்றும் என்பது போன்ற தேர்வுகளில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகவும், அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை என்றும் மட்டுமே கூறியது. குழந்தைகள் எவரும் அதில் சோதிக்கப்படவில்லை. ஆயினும் செய்திகளின் வழியே அது ‘மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும்’ என்று உருமாறியது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கோரும் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டே அதே இதழில் வெளியான மறு ஆய்வுகள் அந்தப் பலனை ஐயத்துக்கு உள்ளாக்கின.

மறதி நோய் குறித்த செய்திகளில் இந்த அவசரம் இன்னும் கொடியது. எலிகளிடம் பலன் தந்த ஒரு மூலக்கூறை ‘அல்சைமருக்குத் தீர்வு’ என்று அச்சிட்டால், பெற்ற தாய்க்கே தன்னை அடையாளம் தெரியாமல் போன மகள் அந்தத் துணுக்கைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறார்.

ஆகவே, ஆய்வு எலிகளிடம் நடந்ததா மனிதர்களிடமா, எத்தனை பேரிடம், வேறு குழுவினர் அதை உறுதிசெய்தார்களா என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே தெரிவிக்குமாறும், பின்னாளில் மறுப்பு வந்தால் அதே பக்கத்தில் வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்