சிற்பம் நிற்க வேண்டிய இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாறிவரும் சிங்கப்பூரில் நினைவைச் சுமக்கும் சிற்பங்கள் குறித்து உங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிற்பங்களின் அழகை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அவை நிற்கும் இடத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. எனக்கோ அதுவே முதன்மையாகப் படுகிறது.

கேவனா பாலத்தருகே சிங்கப்பூர் ஆற்றில் குதிக்கும் சிறுவர்களை 2000ஆம் ஆண்டில் சோங் ஃபா சியோங் வெண்கலத்தில் வடித்தார். சரக்குப் படகுகளான தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டு, ஆறு தூய்மையாகி, கரையெங்கும் உணவகங்கள் வந்துவிட்ட பிறகும் அச்சிறுவர்கள் அதே கரையின் விளிம்பில் இருப்பதால்தான், பழைய ஆற்றை அறியாத என் பேரப்பிள்ளைகள்கூட "இங்கே நீந்துவார்களா?" என்று கேட்கிறார்கள்.

ஐயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியில் குமாரி நாகப்பன் வடித்த சாதிக்காய்ச் சிற்பமும் அப்படித்தான். கொட்டையைப் பின்னிப் பிடித்திருக்கும் மேலுறையான சாதிபத்திரியை அருகில் நின்று பார்க்க வேண்டும். மனித உருவம் ஒன்றுகூட இல்லாமலே, 1850களில் நோய் தாக்கி அழிந்த சாதிக்காய்த் தோட்டங்களை அது அந்த மண்ணிலேயே நினைவூட்டுகிறது.

வட்டித்தொழில் செய்த செட்டியாரையும் இன்றைய நிதித்துறையினரையும் சேர்த்துக் காட்டும் செர்ன் லியான் ஷானின் சிற்பத் தொகுப்பு ஆற்றங்கரையில் உள்ளது. நல்ல படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்ததோ மார்க்கெட் ஸ்திரீட்டில், நம்மவர் வழக்கில் செட்டித் தெருவில். ஒரே கூடத்தில் பலர் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் அமர்ந்து கணக்கெழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்த அந்தத் தெரு இன்று அலுவலகக் கோபுரங்களால் நிறைந்திருக்கிறது. தூரம் சொற்பம்தான் என்றாலும், அங்கே நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழ் இளையர் தாம் நடப்பது எந்தத் தெருவென்று அறிய, நடைபாதையோரம் அந்தப் பெட்டி ஒன்றையாவது வெண்கலத்தில் வைக்கலாகாதா?

நகர்ப்புறத் துறைமுக முனையங்கள் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்கு இடம்பெயர்ந்து வரும் இவ்வேளையில், அவற்றுள் ஒன்றான தஞ்சோங் பகாரில் மூட்டை சுமந்த நம் தொழிலாளர்களுக்கு, புதிய கட்டடங்களின் வரைபடம் முடிவாகும் முன்பே அந்தக் கப்பல்துறை மண்ணில் இடம் ஒதுக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கு உழைத்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தோளில் சாக்கு எப்படி உட்காரும் என்பதைக்கூடச் சிற்பி அவர்களிடமே கேட்டறிந்து வடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொத்தோங் பாசிர்