சர்க்கரைக் கட்டுரையில் விடுபட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சர்க்கரை நோய்க் கட்டுரை படித்தேன். கண், சிறுநீரகம், கால் புண் எல்லாம் இருந்தன. இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே நோயே வராது போலும்.

நான் ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். வயது 61, சர்க்கரை வந்து 16 ஆண்டுகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் விறைப்பின்போது ஆணுறுப்பு மேல்நோக்கி வளைந்து வலித்தது. தடவினால் உள்ளே மொச்சைக்கொட்டை போல ஒரு தடிப்பு. சில மாதங்களில் வலி போயிற்று, வளைவு போகவில்லை. பிறகு விறைப்பும் தளர்ந்தது. எனக்குத் தன்மீது வெறுப்பு என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

தங்கள் நாளிதழில் விளம்பரம் பார்த்துத்தான் லாட்ஜ் வைத்தியரிடம் போனேன். "இளமையில் செய்த தவறு" என்றார். என் இளமை முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன! எண்ணெய்க்கும் லேகியத்துக்கும் 18,000 ரூபாய் போனது.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தது என் கை. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் உள்ள சவ்வு தடித்து மோதிர விரல் மடங்கியிருந்ததைப் பார்த்த மருத்துவர், "கீழேயும் வளைவு உண்டா?" என்று மெல்லக் கேட்டார். இரண்டும் சிலருக்குச் சேர்ந்தே வருமாம். 1743இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மருத்துவர் பெய்ரோனி எழுதிவைத்த நோய் இது. உறுப்பின் உள்ளுறையில் விழும் தழும்பு நீளாததால், அந்தப் பக்கமாக வளைகிறது. எண்ணெய் தடவிக் கரையாது.

விறைப்பு நன்றாக இருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கம் தையல் போட்டு நிமிர்த்துகிறார்கள். நீளம் சற்றுக் குறையும். எனக்கு மாத்திரையும் பலிக்கவில்லை. ஊசி போட்டு ஸ்கேன் எடுத்ததில் ரத்த ஓட்டமே குறைவு என்று தெரிந்தது. வெறுமனே நேராக்கி என்ன பயன்? ஆகவே உள்ளே செயற்கைத் தண்டுகள் பொருத்தி, மிச்சமிருந்த வளைவைத் தழும்பில் கீறி நிமிர்த்தினார்கள். விதைப்பையில் சிறு பம்பு வைக்கும் வகையும் உண்டு. அதன் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கிருமித் தொற்றுக்குப் பயந்து, சர்க்கரை இறங்கும்வரை ஐந்து மாதங்கள் காக்க வைத்தார்கள். பொருத்திய பின் இயற்கை விறைப்பு திரும்பாது என்பதை மனைவியையும் உட்காரவைத்தே சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு முழுக்கதையும் தெரிந்தது.

இதையும் ஒரு ஞாயிறு எழுதுங்கள். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே லாட்ஜ் விளம்பரம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம் வந்திருந்தது.

பெயர், முகவரி தனித்தாளில் உள்ளன. அச்சில் வேண்டாம்.

ஓய்வு பெற்ற நடத்துநர்