பேனருக்குக் காடாத் துணி இருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் திருவிழா முடிந்து மாதக்கணக்காகிறது. வாழ்த்து ஃபிளெக்ஸ் பேனர்கள் இப்போது மாட்டுக் கொட்டகைக் கூரையிலும் வைக்கோல் போர் மேலும் கிடக்கின்றன. வெயிலில் காய்ந்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. அதைக் கோழிகள் கொத்துவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

ஃபிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலைமேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய தாள். இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் பழைய பொருள் வாங்குபவரும் தொடுவதில்லை. கொளுத்தினால் டையாக்சின் போன்ற நச்சுகள் கிளம்பும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் கொடிகூட உண்டு, ஃபிளெக்ஸ் இல்லை. அதே ஆண்டில் கேரள அரசு பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை விதித்தது.

நமக்கு மாற்றுப் பொருளைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, நெய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் அந்தத் துணியில்தான் ஓவியர்கள் தூரிகையால் எழுதினார்கள். இன்று பருத்தித் துணியில் இயந்திரத்தாலும் அச்சிட முடிகிறது. மழைக்குச் சாயம் மங்கும், உண்மைதான். மூன்று நாள் கல்யாண பேனர் மூன்று வருடம் உழைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் துணி என்ற பெயரில் பாலியஸ்டர் கலந்து விற்பதை அனுமதிக்கக் கூடாது.

பேனருக்கு அனுமதி தரும்போதே முழுப் பருத்தித் துணி மட்டுமே என்ற நிபந்தனையை அரசு சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், பல்லடம்