ஸ்கேன் வரும்போது வரட்டும், க்ளோசபின் மருந்தை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையில், "யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று இனி மூளை ஸ்கேனே சொல்லிவிடும்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து அம்மா, அந்த நோயுள்ள என் தம்பிக்கு ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வளையலை அடகு வைக்கவும் தயாராகிவிட்டார்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட பெட் ஸ்கேன் (மூளையில் ரசாயனங்களின் செயல்பாட்டை அளக்கும் ஸ்கேன்) ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. வழக்கமான மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான டோபமினின் வேலையைத் தடுப்பவை. அவை கேட்காதவர்களின் மூளையில் டோபமின் உற்பத்தி, நோயில்லாதவர்களுக்கு உள்ள அளவில்தான் இருந்தது, கேட்டவர்களுக்கு அதிகம். நல்ல ஆய்வுதான். ஆனால் பிரிவுக்கு 12 பேர், அதுவும் மருந்து கேட்டதா இல்லையா என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள். மருந்து தொடங்காதவர்களிடமும் பிறகு பார்த்தார்கள், அதுவும் சிறிய ஆய்வே. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான். டோபமினை அது அளப்பதே இல்லை. இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

இரண்டு மருந்துகளை உரிய அளவில் தலா ஆறு வாரமாவது கொடுத்தும் பலனில்லை என்றால் அடுத்தது க்ளோசபின். இதற்கு ஸ்கேன் வேண்டாம். 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகள் கேட்காதவர்களில் 30 சதவீதம் பேருக்கு அது பலன் தந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்து 4 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை.

தம்பியின் டாக்டரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தனியார் மருத்துவமனையில் மாத்திரையை மாற்றினார்கள், அப்புறம் கூட்டினார்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். க்ளோசபின் என்ற சொல்லை எனக்குச் சொன்னது, மருந்து வரிசையில் நின்ற இன்னொரு அம்மா. கேட்டால், "முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கணும், உங்களால முடியாது" என்றார் டாக்டர். க்ளோசபினால் ரத்தத்தில் வெள்ளணு குறைகிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனை, அவசியமானதுதான். ஆனால் எங்களால் முடியுமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் போய்த் தொடங்கினோம். இன்று தம்பி அப்பாவோடு கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான். இழந்த அந்த வருடங்களை யாரிடம் கேட்பது?

'சைக்கோ கொலைகாரன்' என்று நீங்கள் போட்ட தலைப்பைக் கண்டித்தும் முன்பு எழுதினேன். பதில் வரவில்லை. சரி, அது போகட்டும்.

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். எந்த ஸ்கேனும் இப்போது மருந்தைத் தேர்ந்தெடுத்துத் தராது, இரண்டு மருந்து கேட்கவில்லை என்றால் க்ளோசபின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று எட்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி