தொல்லியல் – மானிடவியல் துறை மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துறைப் பேராசிரியப் பெருமக்களே, மன்றத்தின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மன்ற விதிப்படி, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்துக்கான அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டின் அறிக்கை இரண்டு பக்கங்களில் முடிந்திருந்தது. இவ்வாண்டு அது நீண்டுவிட்டதற்குக் காரணம், மன்றத்தின் பணம் போன வழியைப் பற்றி உறுப்பினர் சிலர் எழுப்பிய கேள்விக்கு எழுத்திலேயே விடை சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதுதான்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். புதிய மாணவர் வரவேற்பு ஜூலையில் நடைபெற்றது. உலக மரபு வாரத்தை ஒட்டி நவம்பரில் ஒளிப்படக் கண்காட்சி வைக்கப்பட்டது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான ‘நெட்’ தகுதித் தேர்வு எழுதுவோருக்காக மூத்த ஆய்வாளர்கள் ஆறு மாலை வகுப்புகள் எடுத்தனர். மானிடவியல் மாணவர்கள் ஆடி மாதத்தில் இரண்டு ஊர்களின் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களைப் பதிவு செய்தனர். மலைமேல் உள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்குச் செல்லும் களப்பயணம், அனுமதி உரிய காலத்தில் கைக்கு வராததால் நடைபெறவில்லை. சீவலப்பேரியை அடுத்த மருகால்தலைக்கு ஒருநாள் சென்றோம். பூவிலுடையார் மலையின் குகைத்தளத்தில் உள்ள ‘வெண் காஸிபன் கொடுபித கல் கஞ்சணம்’ என்னும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டை முதலாண்டு மாணவியர் இருவர் எவர் துணையுமின்றி எழுத்துக்கூட்டி வாசித்து, கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவனின் பெயரை உரக்கச் சொன்ன அந்தக் காலை வேளையைச் சென்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பது பேர் பெயர் கொடுத்திருந்தும் பதினொருவரே வந்தனர் என்பதையும், மீதிப் பேருக்கான வேன் வாடகையை மன்றமே ஏற்றது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி அறிக்கையின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். 2025 ஜனவரி 23 அன்று, இரும்பின் தொன்மை குறித்த அறிக்கையைத் தமிழ்நாடு முதலமைச்சர் சென்னையில் வெளியிட்டார். நம் தாமிரபரணி ஆற்றின் கரைநாட்டில் உள்ள சிவகளையில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 என்று அதில் சொல்லப்பட்டதும், துறையில் அன்று வேறு பேச்சே இல்லை. அடுத்த வாரம் மன்றம் நடத்திய கலந்துரையாடலில் உட்கார இடமில்லாமல் பலர் சுவரோரம் நின்றனர். அங்கே இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வி எல்லோருக்கும் நினைவிருக்கும்: காலக்கணிப்பு செய்தது கரியைத்தானே, அந்த வயது பக்கத்தில் கிடந்த இரும்புக்கும் உரியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பேராசிரியர் நெடுநேரம் விளக்கினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கரியும் இரும்பும் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், ஒன்றுக்கொன்று எப்படிக் கிடந்தன என்பது அன்றைக்கே எழுதி வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்த வயதைப் பற்றி வாதாட முடியும். 2021இல் கி.மு. 1155 என்று அறிவிக்கப்பட்ட சிவகளை நெல்லுமிக்கும் இதே நிலைதான். உமி ஈமத்தாழிக்குள் இருந்தது என்ற பதிவு இல்லையென்றால் அது வெறும் உமி.

அந்தக் கூட்டத்தில் கைதட்டிய நாம், நம் துறையின் மாடிப்படிக்குக் கீழே எதை வைத்திருந்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக மாணவர்கள் மேற்பரப்பு ஆய்வில், அதாவது தோண்டாமல் நிலத்தின் மேலிருந்தே, சேகரித்து வந்த பானை ஓடுகள் 37 சாக்குகளில் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது கீழ்த்தளத்தில் புகுந்த தண்ணீர் அந்தச் சாக்குகளை நனைத்தது. கட்டியிருந்த அட்டைச்சீட்டுகளில் மை கரைந்தது. மை கரையாதவற்றைப் பின்னர் கரையான் அரித்தது. நான் பொறுப்பேற்றபோது ஊர்ப்பெயரைத் தெளிவாக வாசிக்க முடிந்த சாக்குகள் நான்கே. மற்றவற்றை மைதானத்து ஓரத்தில் கொட்டிவிடலாம் என்ற யோசனையும் ஒரு கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அதை எதிர்த்தவள் நான் என்பதால், அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பையும் நானே ஏற்றேன்.

சென்ற ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பழைய வரைபட அறையைத் திறந்து வேலை செய்து வருகிறோம். ஓடுகளை மென்தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்துகிறோம். உட்புறம் கரிப்படிவோ உணவுப்படிவோ ஒட்டியிருப்பவற்றைக் கழுவாமல் தனியே எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு ஓட்டின் உட்பக்கத்திலும் நிறமற்ற நகப்பூச்சை ஒரு கோடு தடவி, அது காய்ந்தபின் இந்தியன் மையால் எண்ணிட்டு, மேலே மீண்டும் ஒரு பூச்சு தருகிறோம். வாய்விளிம்பு உள்ள ஓடுகளை, வட்டத்துக்குள் வட்டம் வரைந்த அளவுத்தாளின்மேல் நிறுத்தி விட்டம் காண்கிறோம். பிறகு, வளைவை அப்படியே படியெடுக்கும் புரொஃபைல் கேஜ் என்னும் கருவியால் விளிம்பின் வளைவை எடுத்துக் கிராஃப் தாளில் ஒரு பாதியில் வெட்டுத் தோற்றமும் மறுபாதியில் புறத்தோற்றமுமாக வரைகிறோம். கையில் பழக்கம் வரும்வரை ஓர் ஓட்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது. இவ்வாறு வரைந்து முடித்த ஓடுகள் இன்று ஐந்நூற்றைத் தாண்டியுள்ளன. அவற்றுள் கீறல் குறியீடு உள்ளவை ஒன்பது. துலுக்கர்பட்டி அகழாய்வில் ‘புலி’ என்ற எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்ததைப்போல நம் சாக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதை எதிர்பார்த்து நாங்கள் இதைத் தொடங்கவும் இல்லை. தொல்லியல் சட்டப்படி காக்கப்பட்ட இடங்களில் நம் மாணவர் ஒரு சில்லையும் தொடுவதில்லை என்பதையும் வெளியார் அறியும்பொருட்டுச் சொல்லிவைக்கிறேன்.

வரைவதைவிடக் கடினமாக இருந்தது, எந்தச் சாக்கு எந்த ஊரினது என்று கண்டுபிடிப்பது. சாக்கின் அடியில் தங்கியிருந்த மண்ணை வைத்து, சிவந்த மணல் என்றால் தேரிக்காட்டுப் (செம்மணல் மேடுகளின்) பக்கம், கரிய வண்டல் என்றால் ஆற்றங்கரை என்று பிரித்துவிடலாம் என நண்பர்கள் சிலர் சொன்னார்கள். தொல்லியல் அறிஞர்களான எஃப். இ. ஸாய்னரும் பிரிஜட் ஆல்சினும் 1956இல் நம் மாவட்டத்துத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதியபோது மணலையும் கருவியையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் தேரி மணல் சாயர்புரத்திலும் உண்டு, திசையன்விளைப் பக்கமும் உண்டு. மண்ணைக்கொண்டு ஊர்ப்பெயர் எழுத நான் உடன்படவில்லை. அதற்குப் பதிலாக, முன்னாள் மாணவர்களின் களக்குறிப்பேடுகளைத் தேடினோம். தொலைபேசியில் பேசி, சிலர் வீட்டுக்கே சென்று, பரணில் இருந்த நோட்டுகளை வாங்கி வந்து, நாளையும் புல எண்ணையும் சாக்கில் எஞ்சிய எழுத்துகளோடு ஒப்பிட்டு, 22 சாக்குகளுக்கு ஊர் கண்டிருக்கிறோம். மீதி 15 சாக்குகள் பெயரில்லாமல் இருக்கின்றன. அவற்றுக்குரிய நோட்டுகளை வைத்திருப்போர் இந்த அவையிலும் இருக்கலாம்.

இது தொல்லியல் மாணவருக்கு மட்டுமான வேலை என்றும், மன்றம் மானிடவியல் மாணவரைப் புறக்கணிக்கிறது என்றும் ஒரு குறை சொல்லப்பட்டது. இதை நான் ஏற்கவில்லை. ஓடுகள் பலவற்றின் உட்புறத்தில் வரிசையாகக் காணப்பட்ட பள்ளங்களை நாங்கள் முதலில் அலங்காரம் என்றே குறித்துவந்தோம். காருகுறிச்சியில் மண்பாண்டத் தொழிலாளரிடையே களப்பணி செய்துகொண்டிருந்த மானிடவியல் மாணவி ஒருவர்தான் அது தவறு என்று சொன்னார். சக்கரத்தில் வனைந்த பானையின் அடியை, உள்ளே கல்லைத் தாங்கிப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மூடும்போது, கல் பதிந்த இடமெல்லாம் பள்ளமாகிறது என்பதை அவர் எங்களை அழைத்துச் சென்று நேரில் காட்டினார். அன்று மாலை திரும்பி வந்து நாற்பது வரைபடங்களின் குறிப்பைத் திருத்தி எழுதினோம். ஆதிச்சநல்லூர் ஈமத்தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி ஸக்கர்மன் 1930இல் எழுதியது உடற்கூற்று ஆய்வு; அதில்லாமல் அந்தத் தாழிக்காட்டுப் பறம்பின் வரலாற்றை எவரும் இன்று எழுதுவதில்லை. இரண்டு துறைகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதன் பயன் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கீழடிக்குத் திட்டமிட்டிருந்த ஆண்டுச் சுற்றுலா இவ்வாண்டு நடைபெறவில்லை. அதற்கென ஒதுக்கிய தொகையில் இரண்டு இரும்பு அலமாரிகளும், பூட்டுப்பைகளும், நீரில் கரையாத சீட்டுகளும் வாங்கப்பட்டன. நிர்வாகக் குழுவின் முன்ஒப்புதல் இல்லாமல் வாங்கினேன் என்பது குற்றச்சாட்டு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் குழு கூட்டப்பட்டது; இரு முறையும் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட நிலையில், சாக்குகளை இன்னொரு முறை தண்ணீருக்கு விட என் மனம் ஒப்பவில்லை. தலைவரிடம் வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டு வாங்கினேன். கூட்டத்துக்கு வராதவர்கள் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விரிவாக எழுதியது எனக்கு வருத்தமளித்தது. நம் மானூர்க் கோயிலில் உள்ள பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டை நாம் அனைவரும் பாடமாகப் படித்திருக்கிறோம். சபையில் வைக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லிக் காரியத்தைத் தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் என்று ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரார் விதித்தனர். ஒரு சபை எதனால் நின்றுபோகும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வர இயலாதவர்களின் நிலையை நான் அறியாதவள் அல்லள். சனி, ஞாயிறுகளில் டவுன் ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்துத்தான் விடுதிக்கட்டணம் கட்டுகிறவர்கள் நம்மிடையே பலர். அகழாய்வுக் குழிகளில் தினக்கூலிக்கு மேற்பார்வை வேலை கிடைத்ததும் பருவத்தின் நடுவே போக நேர்ந்தவர்களும் உண்டு. மகளிர் விடுதிக் கதவு மாலையில் அடைபடும் நேரத்தை நானும் ஓராண்டு அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் வேலை நேரத்தைக் காலையில் வைத்தேன். இவர்களைக் குறித்து எனக்கு ஒரு குறையும் இல்லை. வாய்ப்பிருந்தும் வராதவர்களையும், மூன்று ஆண்டுகளாகச் சந்தா செலுத்தாமல் மன்றத்தின் சான்றிதழை மட்டும் கேட்டு வந்தவர்களையும் குறித்தே சொல்கிறேன். இவ்வாண்டு சந்தா செலுத்தியோர் மொத்த உறுப்பினரில் பாதிக்கும் குறைவு. இரவலாகச் சென்ற வெர்னியர் காலிப்பர் ஒன்று இன்னும் திரும்பவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைத்திருக்கிறார். சந்தா, முன்னாள் மாணவர் நன்கொடை, கண்காட்சியில் விற்ற வாழ்த்து அட்டைகள் ஆகியவற்றால் வந்த வரவு, செலவுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. அலமாரிக்குரிய ரசீதுகள் யாவும் கோப்பில் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம்.

அறை தந்து உதவிய துறைத்தலைவர் அவர்களுக்கும், சனிக்கிழமைகளில் விடுப்பை விட்டுக்கொடுத்துக் கதவு திறந்துதவிய அலுவலக உதவியாளர் அண்ணாச்சிக்கும், களிமண்ணைப் பிசைந்தபடியே எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்ன காருகுறிச்சிப் பெரியவர்களுக்கும், தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ அங்கே எடுத்தவற்றுக்கு 1915இல் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருப்பதால்தான் சென்னை அருங்காட்சியகத்துப் பொற்பட்டத்தையும் வெண்கலச் சாடிகளையும் பற்றி நாம் இன்றும் பேசுகிறோம். அங்கேயே நடந்த 2004–05 அகழாய்வின் முழு அறிக்கைக்கு இந்த நாடு பல ஆண்டுகள் காத்திருந்தது. வகுப்பில் அதைக் குறையாகப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப் பேசிய நாம் நம் 37 சாக்குகளுக்கு ஒரு பட்டியல் தந்தே ஆகவேண்டும். அதை வரும் டிசம்பருக்குள் அச்சிட எண்ணியிருக்கிறோம். வரைபட அறை பயன்பாட்டில் இல்லையெனில் வகுப்பறையாக மாற்றப்படும் என்று துறையிலிருந்து தெரிவிக்கப்பட்டுள்ளது. நான் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய ஆண்டு இது. செயலாளர் பொறுப்பைத் தொடர்வது என் எண்ணத்தில் இல்லை. ஆயினும் எனக்குப்பின் இதை ஏற்க ஒருவரும் முன்வராத நிலையில் பொதுக்குழு கேட்டுக்கொண்டால், வேலை முடியும்வரை சாவியை நானே வைத்திருக்க ஆயத்தமாக உள்ளேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 23ஆம் சாக்கு பிரிக்கப்படும். களக்குறிப்பேடு வைத்திருப்போர் அதைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்; நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். சந்தா ரசீதுப் புத்தகமும் அந்த மேசையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்,
துறை மாணவர் மன்றம், திருநெல்வேலி