எங்கள் பெரியையா

காரைக்குடி

அன்பு மகன் மெய்யப்பனுக்கு அப்பச்சி எழுதுவது. அப்பத்தாவும் உன் ஆத்தாவும் நானும் நலம்.

நம் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தொங்கும் பழைய படங்களை ஸ்கேன் செய்துகொண்டு, சட்டங்களைப் பழம்பொருள் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாமே என்று போனில் கேட்டாய். அன்று பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சென்ற மாதம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு படம் வாங்கினேன். நாலேகால் அங்குல அகலமும் ஆறரை அங்குல உயரமும் கொண்ட கேபினட் அட்டை, அதாவது கெட்டி அட்டையில் ஒட்டிய புகைப்படம். 1866க்குப் பிறகு உலகமெங்கும் பரவிய அளவு அது. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த படம் என்பதால் பழுப்பேறியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தாளின் நார் தெரிகிறது. புள்ளி புள்ளியாகத் தெரிந்திருந்தால் அச்சகத்தில் அச்சடித்தது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். அட்டையின் அடியில் கிளியர், ரங்கூன் என்று பொன்னெழுத்து. 1880களில் அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த ஜெர்மானியர் அவர். படத்தில் கடுக்கனும் அங்கவஸ்திரமுமாக ஒருவர் விறைத்து நிற்கிறார். சில விநாடிகள் அசையாமல் நின்றாக வேண்டிய காலம் அல்லவா, தலைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்த இரும்புத் தாங்கியின் பாதம் அவருடைய காலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது.

திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் 'எங்கள் பெரியையா' என்று மட்டும் எழுதியிருந்தது. யாருக்குப் பெரியையா, எந்த ஊர், நகரத்தார் கோவில்களில் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்? எழுதியவருக்கு அது தெரியும். படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்திலிருந்து கப்பலேறி வீடு வந்து சேர்ந்த ஒருவர், இன்று பெயரில்லாமல் என் மேசைமேல் இருக்கிறார்.

நம் படங்களின் பின்புறத்தையோ நான் இதுவரை பார்த்ததே இல்லை. பின்பலகையை ஆணியடித்துத் தாள் ஒட்டி மூடியிருக்கிறார்கள். நீ வந்ததும் நிதானமாகத் திறப்போம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம் எதையும் பிய்க்காதே. ஈரத்துணி அருகில் வரவே கூடாது. இருபது வயதில் நான், உன் ஐயாவின் தாயார் படத்தில் பூசணம் பிடித்திருக்கிறதென்று ஈரத்துணியால் துடைத்தேன். மேலே வண்ணம் தீட்டிய படம் அது. சேலைச் சிவப்பும் ஒரு கன்னமும் துணியோடு வந்துவிட்டன. ஐயா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படத்தை எடுத்து இரட்டை வீடு என்னும் உள்ளறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஸ்கேன் செய்யத்தான் வேண்டும், இரண்டு பக்கமும். அதோடு ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் உறவையும் அட்டை ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். முன்பக்கம் தடம் விழும்.

இவர்களை அடையாளம் சொல்ல இப்போது அப்பத்தா ஒருவர்தான் இருக்கிறார்கள். 91 வயதிலும் முகத்தைப் பார்த்தவுடன் சொல்கிறார்கள், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயர்கள் குழம்பிவிடுகின்றன. பொங்கலுக்கு வரும்போது விடிகாலையில் வந்து சேரும்படி டிக்கெட் எடு.

அன்புடன்,
அப்பச்சி