ஐப்பசி மழைக்கு முன்னால் ஆத்தாவுக்கு

சிவமயம்

தோக்கியோ, செப்டம்பர் 3

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு முன்னால் எவ்வளவு சாமான் வாங்கிப் போடலாம் என்று கேட்டிருந்தீங்க. இங்கே செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள். 1923-இல் அதே தேதியில் வந்த பூகம்பத்தை ஒட்டி வைத்தது. அலமாரியைத் திறந்து தேதி பார்க்க நல்ல சாக்கு.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் கணக்கு. மூன்று நாளைக்குக் குறையக் கூடாது, ஒரு வாரத்துக்கு இருந்தால் நல்லது. நாலு பேருக்கு 84 லிட்டர், அதாவது 2 லிட்டர் பாட்டில் 42. மூடி திறக்காத பாட்டிலில் தேதி தாண்டியதும் தண்ணீர் கெட்டுப்போகாது. பிளாஸ்டிக் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அளவு குறையும், அதற்குத்தான் அந்தத் தேதி. அரிசி வேளைக்கு 75 கிராம் என்கிறார்கள். நம்ம வீட்டுப் பந்திக்கு இரட்டிப்பாகவே வைத்துக்கணும்!

இங்கே அவசரத்துக்கென்று எதையும் தனியாகப் பூட்டி வைப்பதில்லை. தினமும் புழங்குகிற சாமானையே கூடுதலாக வாங்கி, பழசை முன்னால், புதுசைப் பின்னால் அடுக்குவது. ஒன்று எடுத்தால் ஒன்று வாங்குவது. நம்ம இரண்டாங்கட்டு அறையில் நடப்பது தலைகீழ். புது மூட்டையைப் பழசின் மேல் போடுகிறோம், அடியில் கிடக்கும் துவரம்பருப்பு வண்டுக்குப் போகிறது. டப்பாவில் வாங்கிய மாசத்தைச் சாக்பீஸால் எழுதினாலே பாதி நஷ்டம் நிற்கும்.

இங்கே கேஸ் நின்றால் கைக்கு அடக்கமான அடுப்பு. அதற்கு 250 கிராம் கேஸ் டப்பா, பெருந்தீயில் ஒரு மணி நேரம் போல எரியும். ஆளுக்கு வாரத்துக்கு 6. ஏழு வருஷத்துக்குள் தீர்த்துவிடணும், உள்ளே ரப்பர் வளையம் கெட்டுப்போய்க் கேஸ் கசியும். அடுப்பை மூடுகிற அளவு பெரிய வாணலி வைத்தால் அனல் டப்பா மேல் திரும்பி வெடிக்கும்.

கக்கூசில் விரித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 பை, ஈரத்தை உறிஞ்சும் தூளோடு. பூகம்பத்தில் கழிவுக் குழாய் உடைந்தது தெரியாமல் மேல்மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டில் பொங்கும்.

உங்களுக்குத் தண்ணீர்த் தொல்லை இல்லை, கிணறு இருக்கு. ஆனால் மோட்டாரை நம்பாதீங்க. 2018 நவம்பரில் கஜாப் புயலுக்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. உருளை சுற்றுகிறதா, கயிறு இற்றுப்போகாமல் இருக்கா என்று இப்பவே இறைத்துப் பாருங்க. வெள்ளத் தண்ணீர் கிணற்றில் கலந்தால் தெளியவைத்து, வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்த பிறகு குடிங்க. டார்ச்சில் பேட்டரியைக் கழற்றி வைங்க, கசிந்தால் உள்ளே தகடு அரித்துவிடும். அடுப்பில்லாமல் சாப்பிட அவலும் பொரிகடலையும் போதும், காற்றுப் புகாத டப்பாவில்.

அப்பச்சிக்கு மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கு, இரண்டாவது சிலிண்டர் நிறைந்திருக்கா, இரண்டும் பார்த்து எழுதுங்க.

அன்புடன்,
உங்கள் மகன்